எள் விழாத தலை தீபாவளி

செஞ்சியில் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறேன். என் மாப்பிள்ளைக்கு எள் ஆகாது, தொண்டை வீங்கிவிடும். அதனால் தலை தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம், இட்லிப்பொடி எதிலும் எள் விழாமல் காவல் காத்தேன்.

காலையில் அவர் தட்டிலிருந்த பொடியில் என் செக்கு எண்ணெயைப் பெருமையாக ஊற்றினேன். இரண்டாவது இட்லியிலேயே உதடு தடித்து, மூச்சு இழுத்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்!

ஊசி போட்டுவிட்டு டாக்டர், "எள்ளு ஏதாவது சாப்ட்டாரா?" என்றார்.

"ஒண்ணுகூட இல்லிங்க! சுத்தமான நல்லெண்ணெ மட்டுந்தான் ஊத்துனேன்!"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தினமும் எள்ளைக் கொட்டி அந்த எண்ணெயை ஆட்டுகிறவனே நான்தான்!

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். இப்போது கடைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்கிறேன், "வீட்ல யாருக்காவது எள்ளு ஆகாதா?"

நேற்று ஒரு அம்மா, "எம் பொண்ணுக்கு எள்ளுதான் ஆகாது. எண்ணெ ஒண்ணும் பண்ணாதில்ல?" என்றார்.

கொடுத்த பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.