டிரைவர் கோளாறு

கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் சஹாபுதீனுக்கு நாற்பத்தொரு வயது. பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் ஆறு வருடம் ஒப்பந்தக் கூலியாக இருந்தார். அங்கிருந்து வெளியே வந்ததும் நான்கு ஸ்பீக்கர், ஒரு பழைய மிக்சர், ஒரு லேப்டாப் வாங்கித் தொழிலைத் தொடங்கினார். பாட்டெல்லாம் லேப்டாப்பில்தான். பெட்டிகளை ஏற்றிப்போக சரவணன் வருவான். முப்பது வயது, சொந்தமாகக் குட்டியானை எனப்படும் சின்ன சரக்கு வண்டி, அதிர்ந்து பேசாத ஆள். ஐந்து வருடமாக இருவரும் ஒன்றாகத்தான் விசேஷங்களுக்குப் போனார்கள்.

அந்த மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, நெடுஞ்சாலையோரத்து மண்டபம் ஒன்றில் காதுகுத்து. குழந்தையின் அம்மா பூமிகா. அவளுடைய அண்ணன் அரசப்பன் பொதட்டூர்பேட்டையிலிருந்து சீர்வரிசையோடு வருகிறார். பூமிகாவின் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டார் பேனரில் அரசப்பன் பெயரை விட்டுவிட்டார்கள். அந்தக் கோபம் நான்கு வருடமாகியும் அவருக்கு ஆறவில்லை. அதனால் இந்த முறை தன் பெயரை வைத்தே ஒரு பாட்டு எழுதிப் பாடவைத்து, பென் டிரைவில் போட்டு முதல் நாளே கொடுத்தனுப்பியிருந்தார். மண்டப வாசலில் அவர் கால் வைக்கும்போது அது ஒலிக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு மேளம் நின்றது. இருபது தட்டுகளோடு அரசப்பன் படியேறினார். சஹாபுதீன் பாட்டைத் தட்டினார். திரையில் பாட்டு ஓடியது. ஸ்பீக்கரில் மூச்சில்லை.

மைக்கைத் தட்டிப் பார்த்தார், சத்தம் வந்தது. அப்படியென்றால் மிக்சரும் ஆம்ப்ளிஃபயரும் நன்றாக இருக்கின்றன. ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார். பயனில்லை. திரையின் மூலையில் ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருந்தது. காலையில் லேப்டாப் தானாக அப்டேட் ஆனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கணினியின் ஒலிக்கருவியை இயக்க உள்ளே ஒரு சின்ன மென்பொருள் இருக்கும். அதற்கு டிரைவர் என்று பெயர். அப்டேட் அதை எடுத்துவிட்டு, பொருந்தாத வேறொன்றை வைத்துவிட்டது.

மைக்கிலேயே பெயரைச் சொல்லி வரவேற்கலாமா என்று அவர் யோசிப்பதற்குள் அரசப்பன் மேடைக்கே வந்துவிட்டார். பின்னால் ஏழெட்டுப் பேர். எல்லோரிடமும் சாராய வாடை.

"இன்னா பாய், பாட்டு எங்க?"

"ரெண்டே நிமிஷம்ணே. டிரைவர் கோளாறு. டிரைவர் மாறிப்போச்சு, அதான்..."

அரசப்பனின் அறை காதோடு சேர்த்து விழுந்தது. சஹாபுதீனுக்கு மண்டபமே ஒரு விசிலாகக் கேட்டது.

"டிரைவர மாத்திட்டானுங்களா? எவன் மாத்துனது? மாப்ள வூட்டுக்காரனுங்க துட்டு குடுத்து என் பாட்ட நிறுத்துறானுங்க பாரு! எங்கடா அந்த டிரைவரு?"

"வெளிய குட்டியானைல குந்திக்கினு கீறான்ணே," என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"ஐயோ, ஆளு இல்லண்ணே! கம்ப்யூட்டர்ல கீற டிரைவரு!" என்று சஹாபுதீன் கத்தினார். அதற்குள் அவர்கள் பாதி தூரம் போய்விட்டார்கள்.

மேடையின் பக்கவாட்டு ஜன்னல் வழியாக வண்டி தெரிந்தது. சரவணன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் அவன் தலை கதவு விளிம்பில் மோதியது. என்ன ஏது என்று கேட்க வாயைத் திறந்தவனுடைய வாயிலேயே ஒரு குத்து இறங்கியது.

"பாய்!" என்று கூப்பிட்டான்.

சஹாபுதீனுக்கு அது கேட்டது. ஓடியிருக்கலாம். அவர் ஓடவில்லை. பாட்டு வந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று அந்த நேரத்தில் உறுதியாக நம்பினார். கருவிகளின் பட்டியலைத் திறந்தார். ஒலிக்கருவியின் மேல் மஞ்சள் முக்கோணம். புது டிரைவரை நீக்கிப் பழையதைத் தேர்ந்தெடுத்தார். லேப்டாப் தன்னை அணைத்துத் திறக்க வேண்டும் என்றது. திரை கறுத்து, வட்டம் சுழலத் தொடங்கியது.

வெளியே ஒருவன் வண்டியில் கிடந்த ஸ்பீக்கர் ஸ்டாண்டின் இரும்புக் குழாயை எடுத்திருந்தான். சரவணன் முகத்தை மறைத்த கை மீது அது விழுந்தது. முழங்கை உடைந்த சத்தம் கல்லில் தேங்காய் உடைவது போலிருந்தது. மண்ணில் சோறும் ரத்தமும் கலந்து கிடக்க, அவன் உருண்டு வண்டிக்கு அடியில் போகப் பார்த்தான். காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

"பாய்!"

வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. மூன்று நிமிடம் கழித்துத் திரை வந்தது. சிவப்புக் குறி இல்லை. சஹாபுதீன் பாட்டைத் தட்டினார்.

சீர் கொண்டு வருகிற தாய்மாமன் அரசப்பனின் புகழ் நான்கு ஸ்பீக்கரிலும் வெடித்தது. யாரும் நிற்கவில்லை. ஒருவன் கையைத் தூக்கி விசிலடித்தான். குழாய் வைத்திருந்தவன் தாளத்துக்கு ஏற்றாற்போல் ஓங்கி அடித்தான்.

சஹாபுதீன் மெயின் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினார். சரவணன் மேல் விழுந்து படுத்தார். தோளில் ஒன்று, முதுகில் இரண்டு. நான்காவது விழவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூமிகா நடுவில் வந்து நின்றிருந்தாள்.

"அந்த ஆளு உன்ன இன்னா பண்ணான்? இன்னாத்துக்கு இப்டி அடிச்சிக்கினு கீற?" என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினாள். "மருமவன் காதுகுத்துல கொல பண்ண வந்தியா? எடுத்துக்கினு போ உன் சீர!"

அரசப்பன் தங்கையைப் பார்த்தார். குழந்தை வீறிட்டு அழுதது. குழாய் வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டான்.

சரவணனின் வலது முழங்கையில் இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தது. மடக்கிய கை முழுதாக நீளவில்லை. வண்டியை விற்றுவிட்டான். போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. ஆனால் மண்டபத்திலிருந்த முந்நூறு பேரும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். அரசப்பனின் ஆட்கள் கவரைப்பேட்டைக்கு வந்து, கடை முன்னால் பைக்கை நிறுத்தி, ஒன்றும் பேசாமல் அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

"ஊரே பாக்கலன்னு சொல்லுது. நீங்க மட்டும் ஏன் சாட்சி சொல்லப் போறீங்க? நமக்கும் பொண்ணு கீது," என்றாள் மனைவி பர்ஹானா.

"அவன் ரெண்டு வாட்டி என்னக் கூப்ட்டான் பர்ஹானா. நான் கேட்டேன்."

பொன்னேரி நீதிமன்றத்துக்கு அவர் போன ஒவ்வொரு நாளும் அவளும் கூடவே போனாள்.

அந்த வழக்கில் சரவணனைத் தவிர, கண்ணால் கண்டதைச் சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர் சஹாபுதீன். இன்னொருத்தி, அண்ணனுக்கு எதிராகக் கூண்டேறிய பூமிகா. மூன்று வருடம் கழித்து அரசப்பனுக்கும் குழாயால் அடித்தவனுக்கும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு நடக்கிறது.

தீர்ப்பு வந்த மறுநாள், சரவணன் இப்போது கேட்டில் காவலாளியாக இருக்கும் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைக்கு சஹாபுதீன் போனார். மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னார். முதல் தடவை கூப்பிட்டபோதே கேட்டது, பாட்டு வந்தால் நின்றுவிடும் என்று நினைத்து லேப்டாப் முன்னாலேயே இருந்துவிட்டேன் என்றார்.

உள்ளே போக ஒரு லாரி வந்து நின்றது. சரவணன் இடது கையால் நம்பரை எழுதிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டான்.

"தெரியும் பாய்," என்றான் திரும்பி வந்து. "ஜன்னல்ல உன்ன பாத்துக்கினுதான் இருந்தேன்."

சஹாபுதீன் தலையைக் குனிந்துகொண்டார்.

"மேல வந்து வுழுந்தியே, அதையும் பாத்தேன்," என்றான் சரவணன். நிழலில் கிடந்த நாற்காலியை அவர் பக்கம் தள்ளினான். அடுத்த லாரிக்காகக் கேட்டுக்குப் போனான்.