எண் போடாத திருவிழா

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா நாட்களுக்கு எண் கிடையாது. காப்பு நாள், கொடி நாள், அன்ன வாகனம், குதிரை வாகனம், தேர் என்று பெயர்தான். அழைப்பிதழிலும் அப்படியே அச்சிடுவார்கள். காப்பு நாள் மண்டகப்படி, அதாவது அன்றைய பூசைச் செலவும் கோயில் மரியாதையும், வடக்குத் தெருவுக்கு. மறுநாள் கொடி ஏறும். அது தெற்குத் தெருவுக்கு. காப்புக் கட்டியதுமே திருவிழா தொடங்கிவிட்டது, ஆகவே முதல் நாள் தங்களுடையது என்பது வடக்குத் தெருவின் எண்ணம். கொடி ஏறினால்தான் திருவிழா, அதற்கு முந்தையது வெறும் ஆயத்தம் என்பது தெற்குத் தெருவின் எண்ணம். இதை ஒரு தெரு இன்னொரு தெருவின் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லாததால்தான் தேர் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வடக்குத் தெருவில் பிறந்து தெற்குத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான வருடம் மாமியார், "நம்மளதுதான் மொத நாளு, நல்ல பொடவையா கட்டிக்க" என்றபோது எனக்குச் சற்றுத் திடுக்கென்றது. புடவையை மாற்றிக்கொண்டேன்.

2006இல் பெரம்பலூரில் ஓர் அலுவலகத்தின் பதிவறையில் எழுத்தராக இருந்தேன். மாலையில் அரியலூரில் இறங்கி ஊருக்கு டவுன் பஸ் பிடிக்க வேண்டும். அந்த இடைவேளையில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போகத் தொடங்கினேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று தமிழில் ஒரு விக்கி இருப்பதாக ஒரு வார இதழில் படித்திருந்தேன். எங்கள் ஊரைத் தேடினேன், இல்லை. நானே தொடங்கினேன்.

தமிழ்த் தட்டச்சு எனக்குத் தெரியும். தெரியாதது குறிகள். வரியின் இரு பக்கமும் இரண்டிரண்டு சமக்குறி போட்டால் அது தலைப்பாகும். சதுர அடைப்புக்குள் ஒரு சொல்லை வைத்தால் அது வேறொரு பக்கத்துக்கு வழியாகும். அலுவலகத்தில் பத்தியின் முதல் வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் அடிப்போம். அந்தப் பழக்கத்தில் ஓர் இடைவெளி விட்டு ஆரம்பித்தேன். சேமித்துப் பார்த்தால் முழுப் பத்தியும் ஒரு பெட்டிக்குள் ஒற்றை வரியாகி, திரையைத் தாண்டி வலப்பக்கம் ஓடியிருந்தது.

சென்டர்காரர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா இது, உங்க ஊரு ரோட்ட விட நீளமா போவுது?"

"எங்க ஊரு ரோட்டுல குழி இருக்கும். இதுல அதுவும் இல்ல" என்றேன்.

மறுநாள் அந்தப் பத்தி சரியாகியிருந்தது. முகம் தெரியாத ஒரு பயனர் திருத்தியிருந்தார். எனக்கென இருந்த பேச்சுப் பக்கத்தில், "வணக்கம். வரியின் தொடக்கத்தில் இடைவெளி வேண்டாம். நன்றாக எழுதுகிறீர்கள்" என்று ஒரு குறிப்பு. அதன்பின் என் பிழைகளை அவர் திருத்துவதும், அவர் திருத்தியதைப் பார்த்து நான் கற்பதும் வழக்கமாயிற்று. ஏரி, பள்ளி, முந்திரித் தோப்பு என்று ஒவ்வொரு பகுதியாக எழுதினேன். திருவிழாவைப் பற்றி எழுதும்போது மட்டும் கவனமாக இருந்தேன். எந்த நாளின் மண்டகப்படி எந்தத் தெருவுக்கு என்று ஒரே பத்தியில், நாட்களின் பெயர்களை மட்டும் வைத்து, எண் இல்லாமல் எழுதினேன்.

அடுத்த வாரம் காலை பஸ்ஸுக்கு நின்றபோது டீக்கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. விக்கியில் நான் எழுதிய பக்கம். ஆனால் என் பத்தி பட்டியலாகியிருந்தது. '1. காப்பு நாள் – வடக்குத் தெரு. 2. கொடி நாள் – தெற்குத் தெரு.' வரியின் முன்னால் ஒரு # குறி போட்டால் போதும், எண்ணை இயந்திரமே கொடுத்துவிடும். எனக்கு உதவிக்கொண்டிருந்த அந்தப் பயனர், படிக்க எளிதாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்திருந்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வடக்குத் தெருக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் தம்பிக்கு அனுப்ப, தம்பி அச்செடுத்துக் கொண்டுவந்து ஒட்டிவிட்டான்.

மாலைக்குள் தாள் கிழிக்கப்பட்டது. கிழித்தவனின் சட்டையும் கிழிந்தது. இரண்டு தரப்பையும் தாலுகா ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். சமாதானமாகி இரு தரப்பும் கையெழுத்துப் போடும்வரை திருவிழாவுக்கு அனுமதி இல்லை என்று தாசில்தார் சொல்லிவிட்டார்.

அன்றிரவு என் கணவரின் அண்ணன் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"எழுதுனது யாருன்னு கேட்டா எங்க வூட்டு மருமவதான்னு நான் சொல்லணுமா?"

"எண் போட்டது நான் இல்லீங்க மாமா. வேற ஒருத்தரு."

"எவன்?"

"தெரியாதுங்க."

"ஊரு பேரு தெரியாதவன் வந்து நம்ம கோயிலுக்கு நம்பர் போடுறான், நீ பாத்துக்கிட்டு இருந்திருக்க. அத எடுத்துடு. எடுத்தாச்சுன்னு பேப்பரக் காட்டுனா நாங்க கையெழுத்துப் போடுறோம்."

மறுநாள் வடக்குத் தெருவில் என் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். காப்பு நாளன்று தலையில் பரிவட்டம் கட்டி, அந்தத் தெருவுக்கான கோயில் மரியாதையைப் பெறுவது அவர்தான். மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டே பேசினார்.

"உள்ளதத்தான போட்டிருக்கு?"

"அண்ணே, திருவிழாவே நின்னுடும்போல இருக்கு."

"நிக்கட்டும். ஒண்ணு ஒண்ணுதான். நீ அதுல கைய வச்சேன்னா இந்த வாசப்படி மிதிக்காத."

அண்ணி உள்ளிருந்து காபியோடு வந்தார். அண்ணன் சொன்னதைக் கேட்டுத் திரும்ப உள்ளே கொண்டுபோய்விட்டார்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து # குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு நட்சத்திரக் குறி போட்டேன். எண்கள் போய்ப் புள்ளிகள் வந்தன. ஆனாலும் வடக்கு மேலே இருந்தது, தெற்கு கீழே இருந்தது. மாற்றி வைத்தால் தெற்கு மேலே வரும். எழுத்தில் ஏதாவது ஒன்று முன்னால் வந்தே ஆகவேண்டும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. பேச்சில் அப்படி இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் நாள் முதலில் வரும். பட்டியலையே நீக்கினேன். மறுநாள் வந்து பார்த்தால் எண்களோடு திரும்பி வந்திருந்தது. "நல்ல தகவல். ஏன் நீக்கினீர்கள்? காரணத்தைப் பேச்சுப் பக்கத்தில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்" என்று அந்தப் பயனர் பணிவாகக் கேட்டிருந்தார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்டது நியாயம். ஆனால் காரணத்தை எப்படி எழுதுவது? இரண்டு தெருவும் தங்களுடையதே முதல் நாள் என்று நினைக்கின்றன, இரண்டும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை என்று எழுதினால், சிங்கப்பூர்க்காரர் அதையும் அச்செடுக்க வைப்பார். இவ்வளவு காலம் எவரும் வாய் திறந்து சொல்லாததை நானே சுவரில் ஒட்டியது போலாகும். திரையின் முன் உட்கார்ந்து அடித்தேன், அழித்தேன். ஒரு டவுன் பஸ் போய்விட்டது.

பிறகு விக்கியின் விதிகளைப் படித்தேன். சான்று காட்ட முடியாத எதையும் நீக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. "மண்டகப்படி உரிமை குறித்து எழுத்துப்பூர்வச் சான்று எதுவும் இல்லை. ஆகவே நீக்குகிறேன்" என்று பேச்சுப் பக்கத்தில் எழுதிவிட்டு, பட்டியலை நீக்கிச் சேமித்தேன். அவர் உடனே ஏற்றுக்கொண்டார், நன்றியும் சொன்னார். பிறந்தது முதல் கண்ணால் பார்த்து வந்த ஒன்றுக்குச் சான்று இல்லை என்று என் பயனர் பெயரில் எழுதியிருந்தேன். விதிப்படி அது சரி.

பட்டியல் இல்லாத பக்கத்தைக் கணவர் அச்செடுத்துக் கொண்டுபோனார். தெற்குத் தெரு கையெழுத்துப் போட்டது. வடக்குத் தெருவும் கடைசியில் போட்டது. வெளியூர் மகள்களையெல்லாம் திருவிழாவுக்கு ஏற்கெனவே அழைத்தாயிற்று, இனி நிறுத்த முடியாது. ஆனால் சான்று இல்லை என்று நான் எழுதிய பேச்சுப் பக்கமும் அச்சாகி அண்ணன் கைக்குப் போயிருந்தது.

காப்பு நாளன்று பிறந்த வீட்டிலிருந்து எனக்கு மஞ்சள், பூ, புடவையோடு தட்டு வரும். என் கல்யாணத்துக்குப் பிறகு அது தவறியதே இல்லை. அன்று தலை குளித்து, பழைய புடவையிலேயே காத்திருந்தேன். பம்பைச் சத்தம் வடக்குத் தெருவில் கேட்டுக் கோயிலில் போய் அடங்கியது. கணவர், "வந்துடும், கூட்டமா இருக்கும்" என்றார். பிறகு அவரும் அதைச் சொல்வதை விட்டுவிட்டார்.

மறுநாள் கொடியேற்றத்தில் கூட்டத்துக்குள் அண்ணியைப் பார்த்தேன். அவர் பக்கத்தில் வந்து, என்னைப் பார்க்காமல், "சாட்சி இல்லாமயா ஒன் அண்ணன் இத்தன வருசம் பரிவட்டம் கட்டிக்கிட்டு நின்னாரு?" என்றார். பிறகு கூட்டத்தோடு நகர்ந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானது. மாவட்டத்தின் பெயரை மாற்ற எங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்தேன். திருவிழா என்ற தலைப்பு அப்படியே இருந்தது. அதன் கீழ் அந்தப் பயனர் ஒரு குறிப்பை வைத்திருந்தார்: 'இப்பகுதி வெறுமையாக உள்ளது. விவரம் அறிந்தவர்கள் சேர்த்து உதவலாம்.' முதல் வரியில் மாவட்டத்தை மட்டும் திருத்தினேன். காரணம் கேட்கும் கட்டத்தில் 'அரசாணைப்படி' என்று எழுதிச் சேமித்துவிட்டு எழுந்தேன்.