ரத வீதி மாடியும் ஒரு செம்புத் தண்ணீரும்

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டேன். பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வேன். திருநெல்வேலியில் நான் வாத்தியாராக இருந்த காலத்தில் ஒரு மனிதர்மேல் அப்படி ஒரு கோபத்தை எடுத்து வைத்திருந்தேன். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. போனவரைப் பற்றிப் பொல்லாப்புச் சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்லத்தான் போகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, கப்பலில் தூத்துக்குடியில் இறங்கி, ரயிலேறி, மனைவியோடும் இரண்டு தகரப் பெட்டிகளோடும் திருநெல்வேலிப் பாலத்து ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தேன். இந்த நூற்றாண்டு பிறந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார் வேலை. பாஷை ஒன்று, சாமி ஒன்று, பூசுகிற திருநீறு ஒன்று. வேறு தேசத்துக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. அதை எனக்கு நன்றாக உறைக்கும்படி செய்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். யாழ்ப்பாணம் என்று எத்தனை தரம் சொன்னாலும் அவர்களுக்கு நான் கொழும்பான்தான்.

வீடு எங்கே பார்ப்பது என்பதில் எங்களுக்கு மூன்று வழி இருந்தது. ஆற்றுக்குக் கிழக்கே பாளையங்கோட்டை. மிஷன்காரர்கள் திருத்தமாக வைத்திருந்த தெருக்கள், வேப்பமரம், சர்ச் மணி. அங்கே குடியிருந்த எங்கள் டிராயிங் மாஸ்டர், தம் தெருவிலேயே வீடு இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டார். இரண்டாவது, ஸ்டேஷனைச் சுற்றிய இடம். அங்கே கரிப்புகையும் வண்டிக்காரர்களின் சண்டையும் ஓயாது. மூன்றாவது டவுன். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள், அவற்றை ஒட்டிப் பிள்ளைமார் தெருக்கள். பள்ளிக்கூடம் பக்கம், விடிகாலையில் கோயில் சங்கு காதில் விழும். நான் டவுன் என்றேன். என் மனைவி கேட்டது ஒன்றுதான், நல்ல தண்ணீர்க் கிணறு. அது இருந்தால் எந்தத் தெருவும் அவளுக்குச் சம்மதம்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். முன்னே நிலபுலன் இருந்த குடும்பம். நிலம் போய்விட்டது, மிடுக்குப் போகவில்லை. அவரை நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்போம். வீட்டுக் கவலையைச் சொன்னதும் தோளில் கை போட்டு, "நான் இருக்கேம்லா வே, நீரு எதுக்குக் கவலப்படுதீரு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

தெருத்தெருவாக அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். போன வீட்டிலெல்லாம் காலையில் சரி என்பார்கள். சாயங்காலம் முன்பணத்தோடு போனால் முகம் மாறியிருக்கும். ஒருவருக்கு மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள். இன்னொருவருக்கு மச்சு ஒழுகுகிறது. ஒழுகுகிற மச்சில் நான் இருந்துகொள்கிறேன் என்றேன்; அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. கடைசியில் அண்ணாச்சியே, ஆற்றங்கரைக் குறுக்குத்துறைக்குப் போகிற சாலையில் தமக்கு உறவுக்காரர் ஒருவரின் வரிசை வீடுகளில் ஒன்றை முடித்துக் கொடுத்தார். டவுனும் இல்லாத, கிராமமும் இல்லாத ஓர் இடம். வரிசைக்கெல்லாம் பொதுவாகப் பின்புறம் ஒரு கிணறு இருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் அவள் வாளியோடு போனபோது, பக்கத்து வீட்டு அம்மாள் கயிற்றை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள். நீ இறைக்க வேண்டாம், நாங்கள் ஊற்றுகிறோம், தள்ளி நின்று ஏந்திக்கொள் என்றாள். அவர்களுக்கு மனம் இருந்த நாளில் ஊற்றினார்கள். மனம் இல்லாத நாளில் இவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். எங்கள் ஊரில் எங்கள் கிணற்றைச் சுற்றி வேலி போட்டு, யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்று சொன்னவர்கள் நாங்கள். அதை நினைத்தபோது எனக்குக் கோபம்தான் கூடியது, வெட்கம் வரவில்லை.

ஐப்பசி மழையில் படித்துறை பாசி பிடித்துக் கிடந்தது. ஒருநாள் குடத்தோடு வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. வைத்தியர் முட்டைப் பற்றுப் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டை அவிழ்த்தபோது கை வெளிப்புறமாக வளைந்து நின்றது. அது நிமிரவே இல்லை.

கட்டு அவிழ்த்த அன்றைக்கே வீட்டுக்காரரிடம் போய், இனியாவது கிணற்றில் அவளை இறைக்க விடுங்கள் என்று கேட்டேன். அவர் கெட்டவர் அல்ல. கையைப் பிசைந்துகொண்டு, "நான் என்ன செய்ய வே. ஒம்ம அண்ணாச்சிதான் எல்லாருட்டயும் சொல்லுதாரு. கடல் தாண்டி வந்தவன், என்ன கூட்டமோ, மீன் திங்கிறவன், அவன் வீட்டுல கைநனைச்சா நமக்குக் குறைச்சல்னு" என்றார். காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போன வீடுகளுக்கெல்லாம் மத்தியானம் தனியாகப் போய் இதைத்தான் சொல்லியிருக்கிறார். வீடு பார்த்துக் கொடுத்த பெயரும் அவருக்கு, கெடுத்த பலனும் அவருக்கு. தூத்துக்குடியில் இறங்கிய நாளிலிருந்து என் வீட்டு அடுப்பில் மீன் ஏறியதில்லை. அதுவும் அந்த ஊருக்குப் பயந்து செய்த காரியம்தான்.

என் மனைவி பாளையங்கோட்டைக்குப் போவோம் என்றாள். நான் முடியாது என்றேன். துரத்தப்பட்டுப் போகமாட்டேன், போனால் அவர் கண் முன்னாலேயே ரத வீதியில் போய் இருப்பேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்னைவிடப் பிரியமாக அண்ணாச்சி, அண்ணாச்சி என்று பழகினேன். அவர் கைப்பிரம்பை மறந்து வைத்தால் ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பேன். வீட்டுக்கு வந்தால் அந்த வளைந்த கை எதிரே நிற்கும். அவள் இடது கையால் சோறு வடிப்பதைப் பார்த்துக்கொண்டு, வைத்த கோபத்தை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பேன்.

அதிர்ஷ்டம் ஒரு ஜவுளி வியாபாரி உருவத்தில் வந்தது. ரத வீதியில் அவருக்கு ஒரு மாடிவீடு. ஆனித் திருவிழாவில் தேர் அந்த மாடிக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற மாதிரிக் கடந்து போகும். கடையைத் தூத்துக்குடிக்கு மாற்றியதால் வீட்டை வாடகைக்கு விட நினைத்தார். நான் கேட்கப் போனபோது, என்னைப் பற்றி அண்ணாச்சி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது எனக்கு நல்லதாய் முடிந்தது. வருஷாவருஷம் தேரன்றைக்கு அண்ணாச்சி ஒரு வார்த்தை கேட்காமல் தம் உறவு முழுவதையும் அந்த மாடியில் ஏற்றி, நம்ம மாடி, நம்ம மாடி என்று சொல்லிக்கொள்வாராம். வியாபாரிக்கு அது நெடுநாள் எரிச்சல்.

"அவரு வேண்டாம்னு சொன்னாருல்லா, அதுக்காவவே ஒமக்குத் தாரேன்" என்று சாவியைக் கையில் வைத்தார். "மாடி ஒம்ம பொறுப்பு. யார ஏத்தணும், யார எறக்கணும், எல்லாம் ஒம்ம இஷ்டம் வே."

வீட்டுக்குள்ளேயே தனிக்கிணறு. தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். என் மனைவி முதல் நாள் தானே ஒற்றைக் கையால் இறைத்து, அவ்வளவையும் முற்றத்தில் கொட்டிவிட்டு, மறுபடி இறைத்தாள்.

ஆனி பிறந்தது. அண்ணாச்சி என்னைப் பள்ளிக்கூட வராந்தாவில் ஓரமாகக் கூப்பிட்டார். அவர் மகளுக்கு ஒரு நல்ல இடம் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நாங்குநேரிப் பக்கம். தேர் பார்க்கிற சாக்கில் பெண்ணையும் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இவரோ நம்ம மாடியிலிருந்து பார்க்கலாம் என்று எழுதிப் போட்டுவிட்டார். என்னிடம் கேட்கும்போதும் வாயில் 'நம்ம மாடி' என்றுதான் வந்தது. பிறகு பேச்சோடு பேச்சாக, மாப்பிள்ளையின் தகப்பனார் கொழும்பில் இருபது வருஷம் அரிசி மண்டி வைத்துப் பணம் சேர்த்துக்கொண்டு வந்தவர் என்றார். கடல் தாண்டிய பணத்தில் குறைச்சல் எதுவும் அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து ரசித்துக்கொண்டே வகுப்புக்குப் போனேன்.

மாடியைப் பூட்டிவிட்டு இருவரும் அன்றைக்குத் திருச்செந்தூருக்குப் போய்விடுவது என்பது என் திட்டம். சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்து பூட்டுக்கு முன்னால் அவர் நிற்க வேண்டும். என் மனைவி தலையை ஆட்டினாள்.

"பூட்டினா அவருக்கு என்ன நட்டம்? வேற வீட்டுத் திண்ணையில நிப்பார். இஞ்சேருங்கோ, அவர் வரட்டும். ஆனி வெயில். தாகத்தோட வரட்டும்."

அவளைக் கட்டிய நாளிலிருந்து அவ்வளவு மதிப்பாக நான் அவளைப் பார்த்ததில்லை.

தேரன்று காலையிலேயே எல்லாரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். பெண்கள் உள்ளறையில், ஆண்கள் வெளி வராந்தாவில். அண்ணாச்சி புத்திசாலி. எங்கள் வீட்டில் கைநனைக்க வேண்டாம் என்பதற்காக, தம் வீட்டிலிருந்து மோரும் பானகமும் குடத்தில் வர ஏற்பாடு செய்திருந்தார். அவர் கணக்கில் வராதது தேர் ஒன்றுதான். அந்தத் தேரை இழுத்தவர்களுக்குத் தெரியும், அது நினைத்த இடத்தில் போகும், நினைத்த இடத்தில் நிற்கும். வீதி திரும்பி எங்கள் வீட்டுக்கு நேரே வந்ததும் நின்றது. வடத்தை ஆயிரம் பேர் பிடித்துத் தொங்கியும் அசையவில்லை. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார்கள், நெம்பினார்கள், கோஷம் போட்டார்கள். அந்தப் பக்கத்து ஜனம் அந்தப் பக்கம், இந்தப் பக்கத்து ஜனம் இந்தப் பக்கம். மோர்க்குடம் தேருக்கு அப்பால் எங்கேயோ மாட்டிக்கொண்டது. நெல்லையப்பர் என் கட்சியில் இருக்கிறார் என்று எனக்கு அன்றைக்கு நிச்சயமாயிற்று.

உச்சி வெயில் ஏறியது. நான் யாரையும் உபசரிக்காமல் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் தகப்பனார் துண்டால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, ஏணிப்படிப் பக்கம் திரும்பிக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அண்ணாச்சி பதறி எழுந்து, இப்போது மோர் வந்துவிடும் என்றார். அதற்குள் என் மனைவி படியேறி வந்துவிட்டாள். இரண்டு செம்பு, இரண்டிலும் வழிய வழியத் தண்ணீர்.

"குடியுங்கோ ஐயா" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "யாழ்ப்பாணமா தாயி? இந்தப் பேச்சக் கேட்டு எத்தன காலமாச்சு. அங்கன நான் காச்சல்ல கெடந்தப்ப ஒங்க ஊரு ஆளுகதான் கஞ்சி ஊத்திப் பொழைக்க வச்சாக" என்று வாங்கி, மடமடவென்று குடித்து முடித்தார். முடித்துவிட்டுத் தம் சம்பந்தியாகப் போகிறவரைப் பார்த்து, "நீரும் குடியும் வே, அமிர்தமா இருக்கு" என்றார்.

அண்ணாச்சி தாகம் இல்லை என்றார். உதடு வெடித்துக் கிடந்தது. என் மனைவி இரண்டாவது செம்பை வலது கையில் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள். வளைந்த மணிக்கட்டு கனம் தாங்காமல் நடுங்கி, தண்ணீர் அவர் வேஷ்டியில் சிந்தியது.

"இடக்கையால குடுத்தா மரியாதை இல்லை எண்டுதான் இந்தக் கையால தாறன்" என்றாள். "ஆத்துப் படியில விழுந்து வளைஞ்சுபோச்சு. பயப்படாதேங்கோ, இது கிணத்துத் தண்ணிதான்."

மாப்பிள்ளையின் தகப்பனார் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தெருவில் அண்ணாச்சியின் பங்காளிகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி இரண்டு கையாலும் செம்பை வாங்கினார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் பார்த்தார்; தாகம் பொறுக்காமல் வாய் வைத்தே குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை நான் கடைசி மிடறுவரை பார்த்தேன். அந்தச் சுகத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது.

அன்றைக்குப் பிறகு டவுனில் எங்களுக்குத் தண்ணீர் தராத வீடு இல்லை, எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காத ஆளும் இல்லை. அண்ணாச்சியே குடித்த வீடு அல்லவா! அந்தப் பெண்ணின் கல்யாணமும் நடந்தது. நாங்கள் போய்ச் சாப்பிட்டோம்.

தேர் நகர்ந்து எல்லாரும் போன பிறகு என் மனைவி இரண்டு செம்பையும் புளி போட்டுத் துலக்கினாள். ஒன்றை அடுக்களையில் வைத்தாள். அண்ணாச்சி குடித்ததைப் பின்கட்டில், கிணற்றுக்கு அப்பால், மாட்டுக்குக் கழுநீர் வைக்கிற இடத்துச் சுவரில் கவிழ்த்தாள். அதை ஏன் உள்ளே கொண்டுபோகவில்லை என்று கேட்டேன். "அது அவருக்கு" என்றாள்.

அடுத்த ஆனிக்கு அவர் வந்தார். சம்பந்தி எங்கள் மாடிக்குத்தான் வருவேன் என்று நிற்கும்போது அவர் வராமல் முடியுமா? அவள் எல்லாருக்கும் பொன்போல் மின்னுகிற செம்புகளில் தண்ணீர் கொடுத்தாள். பிறகு பின்கட்டுக்குப் போய்ச் சுவரிலிருந்து அதை எடுத்தாள். மாடிச் சன்னலிலிருந்து பின்கட்டு நன்றாகத் தெரியும். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வருஷ மழையிலும் வெயிலிலும் களிம்பேறிய அந்தச் செம்பைக் கழுவி, நிரப்பி, வளைந்த கையால் கொண்டுவந்து நீட்டினாள்.

அவர் அதை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். வாங்கிக் குடித்தார்.