பம்பு அக்காவும் இடது கைப் பிரேக்கும்

தம்பி தன் அக்காவுக்கு இரண்டு லட்சம் கடன்பட்டிருந்தான். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. கூடப்பிறந்தவனுக்குக் கொடுக்கும்போது யார் சாட்சி வைப்பார்கள்? வாங்கினவனும் அந்தத் தைரியத்தில்தான் வாங்கினான்.

எதற்கு வாங்கினான் என்று கேளுங்கள். மலை இறங்கக் கற்றுக்கொள்ள! கடல் தாண்டி ஒரு பள்ளிக்கூடமாம். சைக்கிளில் மலை மேலிருந்து கீழே எப்படி இறங்குவது என்று அங்கே சொல்லித் தருவார்களாம். முடித்தால் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை. அந்த அட்டை இருந்தால்தான் வழிகாட்டி என்று மதிப்பார்களாம். தண்ணீர் தானாக இறங்குகிறது, கல் தானாக உருளுகிறது, இவன் ஒருவனுக்குத்தான் கீழே வர இரண்டு லட்சம் தேவைப்பட்டது.

அக்காவை அந்த மலைச்சாலையில் பம்பு அக்கா என்றால்தான் தெரியும். கட்டினவர் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு விட்டுப்போன சொத்து ஒரு கைப்பம்பு. படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே. சாலை மலையேறத் தொடங்கும் வளைவில் அந்தப் பம்போடு போய் உட்கார்ந்தாள். காற்றடித்தாள். சிரித்தவர்களுக்கும் அடித்தாள், சில்லறை இல்லை என்றவர்களுக்கும் அடித்தாள், ஆனால் அவர்களை மறக்கவில்லை. அப்புறம் பஞ்சர் ஒட்டினாள், பெண்டு எடுத்தாள், செயின் மாற்றினாள். இன்றைக்கு வாடகைக்கு விட மலைச் சைக்கிள் வரிசையாய் நிற்கிறது, அவற்றை ஏற்றிப் போக வண்டி நிற்கிறது, அந்த வண்டியை ஓட்டுவதும் அவள்தான். பட்டம் வாங்கினவன் எவனாவது ஒரு பம்பை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்து காட்டட்டும், பார்ப்போம்.

கடை மட்டும் அவளுடையதில்லை. தகரக் கூரை, ரப்பர் பசை நாற்றம், சுவரில் ஸ்பேனர் சாவிகள் மாட்டின கரிக்கோடு, எல்லாம் அவள் கை பட்டது; இடம் வேறொருவருடையது. அந்த இடத்துக்காரர் ஒரு நாள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“விக்கப்போறேம்மா. மொபைல் கடைக்காரன் பணத்தோட நிக்கிறான். உன் மூஞ்சிக்காகச் சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கிறேன். மொத்தமா வச்சா இடம் உனக்கு. இல்லேன்னா பம்பைத் தூக்கிட்டு அந்த வளைவுக்கே போயிடு.”

வளையல், சீட்டுப் பணம், பழைய வண்டி விற்ற காசு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாள். தம்பியிடம் நிற்கும் இரண்டு லட்சம்தான் குறைந்தது.

தம்பியோ உலகம் சுற்றிக்கொண்டிருந்தான். சட்டை முதுகில் பூமி உருண்டையை அச்சடித்துப் போட்டுக்கொண்டதால் ஊரில் அவனுக்கு ‘உலகம்’ என்றே பெயர். பணக்காரர்களைத் திரட்டி நாடு நாடாகக் கூட்டிப்போய் மலையிலிருந்து இறக்கிவிடுவது தொழில். எப்போதாவது வந்தால் கடை வாசலில் நின்று அளப்பான்.

“பனிமலைல இறங்கினேன்க்கா. எரிமலைல இறங்கினேன். சாம்பல் முழங்கால் வரைக்கும்!”

“ஏறவே மாட்டியாடா?”

“ஏத்துறதுக்கு ஹெலிகாப்டர் இருக்குக்கா.”

“அப்போ நீ என்னதான் செய்வே?”

அதற்கு முதுகைத் திருப்பிப் பூமி உருண்டையைக் காட்டுவான். பணத்தைக் கேட்டால் மட்டும் பதில் தயாராக இருக்கும். “இந்த ட்ரிப் முடியட்டும்க்கா.” எத்தனையோ மலை இறங்கி முடிந்தது, அந்த வாக்கியம் மட்டும் முடியவில்லை.

இந்தத் தடவை போனில் பிடித்துவிட்டாள். பக்கத்து நாட்டில் ஆறு பேரோடு சுற்றிக்கொண்டிருந்தான். கடைசி நாள் நம்ம மலையில்தான், வெள்ளிக்கிழமை.

“முன்பணம் வாங்கினியே, அது?”

“பறக்குற காமிரா ஒண்ணு வாங்கினேன்க்கா. நான் ஓட்டுனா அதுவே பின்னாடி வந்து படம் பிடிக்கும். பாக்கியைக் கடைசி இறக்கம் முடிஞ்சதும் ரொக்கமாத் தர்றாங்க. அப்படியே உன் கையில.”

“என் கையிலன்னா?”

“உன் கையிலதான்க்கா! அப்புறம் ஒரு வேலை. இவங்க ஊர்ல பிரேக் மாறி இருக்கும். நமக்கு இடது கை பின் சக்கரம், அவங்களுக்கு இடது கை முன் சக்கரம். வாடகைச் சைக்கிள் எல்லாத்தையும் அவங்க பழக்கத்துக்கு மாத்தி வச்சிடு. இல்லேன்னா குப்புற விழுவாங்க.”

சொல்வது ஒரு நிமிஷம். செய்கிறவளுக்குத்தான் தெரியும். குழாயைக் கழற்றி, இந்தப் பிடியை அந்தப் பக்கம் போட்டு, எண்ணெய் ஊற்றி, உள்ளே சிக்கின காற்றை நுரை நுரையாக வெளியேற்ற வேண்டும். ஒரு சைக்கிள் விடாமல் மாற்றினாள். ஒவ்வொன்றையும் தானே ஏறி, நிறுத்தி, சரி பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு பேரும் வந்து இறங்கினார்கள். வீட்டில் இரண்டாம் மாடிக்கு லிப்ட் ஏறுகிற ஜாதி. தலைக்கவசம் ஒன்றின் விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம். ஒரே நிறத்தில் உடுத்திய கணவன் மனைவி, ஒரு நெட்டை டாக்டர், சதா கேள்வி கேட்கும் ஒரு பாங்குக்காரர், கண்ணாடி பார்த்துக்கொண்டே இருந்த இரண்டு சிநேகிதிகள். வந்தவர்கள் கடையைப் படம் பிடித்தார்கள், பசை டப்பாவைப் படம் பிடித்தார்கள், அக்காவின் கரி படிந்த விரலைப் படம் பிடித்தார்கள். வாய் திறந்து ஒரு வணக்கம் சொல்லத்தான் எவருக்கும் நேரமில்லை.

தம்பி வந்த கோலமோ அதைவிட அழகு. உலகம் சுற்றின வழிகாட்டிக்குச் சைக்கிளே இல்லை.

“விமானக் கம்பெனிக்காரன் என் சைக்கிளை வேற நாட்டுக்கு அனுப்பிட்டான்க்கா.”

“அதுவும் உலகம் சுத்தப் போயிருக்கு போல. இங்கேருந்து ஒண்ணை எடுத்துக்கோ.”

வண்டியில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோனாள். அங்கே தம்பி கழுத்து அட்டையைத் தெரியும்படி வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு அவர்கள் பாஷையில் பாடம் நடத்தினான். அது அக்காவுக்கு மனப்பாடம். புதுச் சைக்கிள் எது கைக்கு வந்தாலும் நின்ற இடத்திலேயே ஒவ்வொரு பிரேக்காக அழுத்திப் பார், எந்தக் கை எந்தச் சக்கரம் என்று தெரிந்த பிறகுதான் மிதி. ஆறு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அழுத்திப் பார்த்தார்கள். வாத்தியார் மட்டும் தன் சைக்கிளை அழுத்திப் பார்க்கவில்லை. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே!

“முதல்ல நான் இறங்கிக் காட்டுறேன்க்கா. நீயும் பாரு, உன் ரெண்டு லட்சம் எங்கே போச்சுன்னு.”

காமிராவைப் பறக்கவிட்டு, பாறை விளிம்பில் ஒரு தடவை திரும்பிச் சிரித்துவிட்டுச் சைக்கிளை விட்டான். சைக்கிள் சரிவில் வேகம் எடுத்தது. வேகத்தைக் குறைக்க, பிறந்தது முதல் பழகின பழக்கத்தில், இடது கையை இறுக்கினான். முன் சக்கரம் அடித்த ஆணி மாதிரி நின்றது. பின் சக்கரம் வானத்தைப் பார்த்தது. உலகம் ஒரு தடவை முழுசாய்ச் சுற்றிப் புதரில் விழுந்தது. மேலே பறந்த காமிரா ஒன்றுதான் அன்றைக்குத் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

டாக்டர் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தார். தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டிருந்தது. வேறு பயமில்லை என்று சைகை காட்டி, ஒரு துண்டால் வலது கையை நெஞ்சோடு கட்டிவிட்டார்.

வாய்க்கு அடி படவில்லை. “நீதான் மாத்தி வச்சே!” என்று அக்காவைப் பார்த்துக் கத்தினான்.

“மாத்தச் சொன்ன வாய் எதுடா?”

“என்னோடதையாவது விட்டிருக்கலாம்ல?”

“உன்னோடது பிளேன்ல போயிட்டிருக்கு. நேத்துச் சொல்லியிருந்தா ஒண்ணை உனக்குன்னு வச்சிருப்பேன். ஊருக்கெல்லாம் அழுத்திப் பாருன்னு பாடம் எடுத்தியே, உன் விரல் என்ன தேஞ்சா போயிடும்?”

பாங்குக்காரர் ஏதோ சொன்னார். தம்பி முகம் வெளுத்தது.

“என்னடா சொல்றாரு?”

“கடைசி இறக்கம் இல்லேன்னா பாக்கி இல்லே, அதுதானே பேச்சுங்கிறாரு. அவ்வளவுதான்க்கா. வழிகாட்டி இல்லாம இறங்கக் கூடாது. வண்டியில ஏறச் சொல்லிடறேன்.”

அக்காவுக்கு வளைவு ஞாபகம் வந்தது. வெயிலும், தூசியும், சில்லறை இல்லை என்றவர்களும். நாளைக்குச் சனிக்கிழமை.

“ஆஸ்பத்திரி எங்கே இருக்கு?”

“அடிவாரத்துல.”

“அப்போ எப்படியும் கீழேதானே போகணும்? நீ வண்டியில முன்னாடி உட்காரு. இந்தப் பாதை போற வழியெல்லாம் நம்ம ரோட்டைக் குறுக்கே வெட்டுது. வெட்டுற இடத்துல எல்லாம் நான் முன்னாடி போய் நிக்கிறேன். உன் பையில இருக்குற வாக்கிடாக்கியில ஒண்ணை டாக்டர்கிட்ட கொடு. இன்னொண்ணுல நீ பேசு. பேசத்தானே உனக்குத் தெரியும்?”

“அக்கா, வலிக்குது...”

“கத்தும்போது வலிக்கலியே.”

அவன் முனகிக்கொண்டே அவர்களிடம் சொன்னான். ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டாக்டர் முதலில் தலையாட்டினார். பாங்குக்காரர் கடைசியில்.

அப்படித்தான் இறங்கினார்கள். மேலே பாதையில் அவர்கள், கீழே சாலையில் வண்டி. ஒவ்வொரு வெட்டிலும் அக்கா நடுரோட்டில் நின்று லாரியை நிறுத்திவைத்து, அவர்களை எண்ணி, மறுபக்கம் அனுப்பினாள். வண்டிக்குள் தம்பி பள்ளம், பாறை, ஈரம் என்று வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டிருந்தான். வண்டி குலுங்கும்போதெல்லாம் சொல்லோடு ஓர் “ஐயோ” சேர்ந்து போனது.

ஓரிடத்தில் பாதை பிரிகிறது. இடது பக்கம் போனால் கல் குவாரி. விளிம்பில் வேலி கிடையாது. அக்கா வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பின்னால் கிடந்த பழைய பம்பை எடுத்துக்கொண்டு புதரில் இறங்கி அந்த இடது வாய்க்குக் குறுக்கே நின்றாள். ஐந்து பேர் வலது பக்கம் போனார்கள். பாங்குக்காரருக்கு இடதுதான் சரிவாக, ஜோராகத் தெரிந்தது போல. நின்று கை நீட்டிக் கேள்வி கேட்டார்.

“யோவ், அந்தப் பக்கம் போனா பாக்கியை யாரு தருவா? வலது!” என்று பம்பை நீட்டினாள்.

அவருக்குப் பாஷை புரியவில்லை, பம்பு புரிந்தது. வலது பக்கம் போனார்.

அடிவாரத்தில் ஆறு பேரும் சேற்றோடும் இளித்த பல்லோடும் வந்து நின்றார்கள். மனைவி கணவனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு வாரத்தில் இன்றைக்குத்தான் நிற்காமல் ஓட்டினோம் என்று டாக்டர் சொன்னதாகத் தம்பியே மொழிபெயர்த்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டு. படம் பிடிக்கவும் அளக்கவும் ஆள் முன்னால் இல்லாவிட்டால் நிற்பானேன்? பாங்குக்காரர் ஒரு தடித்த கவரைத் தம்பியின் இடது கையில் வைத்துவிட்டு, முதல் தடவையாக அக்காவுக்குத் தலை குனிந்தார்.

எதிரிலேயே ஆஸ்பத்திரி. தம்பி கவரைப் பைக்குள் திணிக்கப் பார்த்தான்.

“முதல்ல எக்ஸ்ரே எடுத்துடறேன்க்கா.”

“எலும்பு எங்கேயும் ஓடிடாது. உட்காரு.”

வண்டியின் படியில் உட்கார்ந்தான். அவள் கவரை அவன் மடியில் வைத்து, கட்டுகளைப் பிரித்துப் போட்டாள். கரி படிந்த உள்ளங்கையை அவன் முன்னால் விரித்தாள்.

“எண்ணு.”

“ஒத்தைக் கையால எப்படிக்கா எண்றது?”

“ஒண்ணொண்ணா எடுத்து இதுல வை. இன்னொரு கை என்னோடதுதானே இருக்கு.”

எண்ணினான். நோட்டு ஏற ஏற மடித்து இடுப்புப் பையில் வைத்துவிட்டு மறுபடி கையை விரித்தாள். கடைசிக் கட்டு தேயும்போது அவன் நிறுத்தினான்.

“ஆஸ்பத்திரிக்குப் பத்தாயிரமாவது ஆகும். அதை மட்டும் கழிச்சுக்கட்டுமா?”

“கழிக்காதே. ரெண்டு லட்சத்தையும் முழுசா வை. ஆஸ்பத்திரிக்கு நான் கட்டுறேன். அது வேற கணக்கு, அதையும் நீதான் தரணும்.”

தம்பி மூச்சு விட்டான். தோள் வலித்தது, அதனால் அதையும் பாதியில் நிறுத்திக்கொண்டான். மீதி நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். கடைசி நோட்டை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் கை அசையவில்லை. அதையும் வைத்தான்.