படிவத்தில் நான் எழுதிய "இல்லை"

அண்ணனின் மருத்துவக் கோப்பில் பதினோராவது கேள்விக்கு எதிரே, நீல மையில், என் கையெழுத்தில் "இல்லை" என்று இருக்கிறது. நோயாளிக்கு ஆன்மீகத் தேவைகள் ஏதும் உண்டா என்பது கேள்வி. எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. நாட்குறிப்பிலும் அப்படித்தான் எழுதுவேன்.

தஞ்சாவூர் மருத்துவமனையில் அவரைச் சேர்த்தபோதே, இனி வலியைக் குறைக்க மட்டுமே முடியும் என்று சொல்லிவிட்டார்கள். படிவத்தை நான் நிரப்பினேன். அந்தக் கேள்வி வந்ததும் அண்ணி, குலதெய்வக் கோயில் விபூதி வேண்டும் என்றார். கழுத்தில் சிலுவை அணிந்திருந்த நர்ஸ், "நான் வேணா ஜெபம் பண்ணட்டுமாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு ஆன்மீகம் என்பது, விடியற்காலையில் இருபது நிமிடம் கண்மூடி உட்காருவது. அண்ணன் இதில் எதையும் செய்தவரில்லை. உள்ளதைத்தானே எழுத வேண்டும் என்று "இல்லை" என்று எழுதினேன்.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர் எங்களுடையது. அண்ணன் வயலுக்குள் போகும் முன் வரப்பின் தொடக்கத்திலேயே செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிடுவார். அறுவடை முடிந்து நெல்தாள் காலில் குத்தும் நாட்களிலும் அப்படித்தான். "கோயில் வாசலயே மிதிக்காத மனுசன், வரப்புல செருப்பக் கழட்டுறாரு" என்று அண்ணி கேலி செய்வார். "அங்க கழட்டுனா காணாமப் போயிடும்டி. இங்க எவன் எடுக்கப் போறான்?" என்பார் அண்ணன். நாங்கள் சிரிப்போம். ஆண்டின் முதல் தண்ணீர் வரும் அன்று ஊரார் பூவும் நெல்லும் தூவுவார்கள். அவர் எதையும் தூவமாட்டார். வாய்க்காலில் இறங்கி, கணுக்கால் நனையும்வரை பேசாமல் நிற்பார். யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்.

அவரை மருத்துவமனையில் சேர்த்த ஆண்டு அணை திறந்தும் எங்கள் மடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. "பாப்பா, தண்ணி வந்துச்சா?" என்று தினமும் காலையில் கேட்பார். பக்கத்து வயல்காரருக்குப் போன் செய்து விசாரித்து, "இன்னும் வரலண்ணே" என்று உள்ளபடியே சொல்வேன். சேர்த்த ஏழாம் நாள் அவருக்கு நினைவு தடுமாறியது. கட்டிலருகே போன என் கால்களைப் பார்த்தார். "செருப்போடயா வர்ற? கழட்டிட்டு வா." கழற்றினேன். தரை சில்லென்றிருந்தது. அவர் எங்கே நிற்கிறார் என்று புரிந்துவிட்டது. "தண்ணி வந்துச்சா?" என்றார். அண்ணி என் கையை அழுத்தினார். வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சற்றுமுன்தான் போன் செய்து கேட்டிருந்தேன். பழகிய வாய், "இன்னும் வரலண்ணே" என்றது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அன்று மாலை போய்விட்டார். அவர் போன நான்காம் நாள் தண்ணீர் வந்தது.

இந்த ஆண்டுத் தண்ணீர் வந்துவிட்டதென்று இன்று காலை அண்ணி போன் செய்தார். கோப்பை எடுத்து, திருத்திவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். பதிலுக்கு விட்டிருப்பது விரல் அகல இடம். அதில் எதை எழுதுவது என்று தெரியவில்லை. தண்ணீர் வந்த நேரத்தை நாட்குறிப்பில் எழுதிவிட்டு மூடினேன். கோப்பில் அந்த "இல்லை" அப்படியே இருக்கிறது, கொஞ்சமும் கோணாமல்.