நசரத்பேட்டைக்குப் போய் வந்த காலை

காலை எட்டே காலுக்கு அண்ணனூரில் மின்சார ரயில் ஏறினேன். ஐந்து ரூபாய் டிக்கெட். அடுத்த நிலையமே ஆவடி. அங்கிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்து. பத்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பருத்திப்பட்டு ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தது. அதைப் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை.

வானகரத்தில் ஒரு பள்ளியில் நானும் ரஷீதாவும் ஆசிரியைகள். மதிய இடைவேளையில், எழுதிய கதைகளை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவோம். படைப்பெழுத்தில் முதுகலை படிக்க இருவரும் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தோம். ஒன்று தில்லியில், விடுதியில் தங்கி இரண்டு வருடம். இன்னொன்று சென்னையிலேயே வார இறுதி வகுப்பு. தில்லிதான் என்று பேசி வைத்திருந்தோம். போன மாதம் காய்ச்சலில் ரஷீதா இறந்துபோனாள். எனக்கு இரண்டிலும் இடம் கிடைத்துவிட்டது. மறுநாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். தனியாகப் போகத் துணிவில்லை. போகாவிட்டால் அவளுக்குத் துரோகம் செய்வதாகவும் பட்டது. அவள் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினேன்.

பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"இன்னாக்கா, காலேஜுக்கா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லண்ணா. ஃபிரண்டு ஊட்டுக்கு."



நசரத்பேட்டையில் ரஷீதாவின் அம்மா டீ போட்டுக் கொடுத்தார். நான் தில்லி விஷயத்தைச் சொன்னேன்.

"அவ டில்லிக்கு வர்றதா இல்லம்மா. உனக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"நான் ஒண்டியாக் கீறேன்னு அவளுக்கு மனசே வரல. சனி ஞாயிறு இங்கயே படிக்கிறேன்னா. உன்கிட்ட சொன்னா நீயும் நின்னுடுவேன்னு, நீ டிக்கெட் போட்டப்புறம் சொல்லலாம்னு இருந்தா."

கிளம்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "போய்ப் படி. லீவுக்கு வந்தா இங்க வா."

பூந்தமல்லியில் பேருந்து புறப்படுவதற்குள் கைபேசியிலேயே தில்லிக்குச் சம்மதம் அனுப்பினேன். அவளுக்கும் சேர்த்துத்தான் போகிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவள் உயிரோடு இருந்திருந்தாலும் நான் தனியாகத்தான் போயிருப்பேன். என்னை ரயிலேற்றிவிட அவள் சென்ட்ரலுக்கு வந்திருப்பாள்.

செந்நீர்க்குப்பம் தாண்டியதும் அழுகை வந்தது. அவளை அடக்கம் செய்த அன்றுகூட நான் அழுததில்லை. பக்கத்து இருக்கைப் பெண் எதுவும் கேட்காமல் என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆவடி வந்ததும் திருப்பித் தந்து, "பாத்து எறங்குமா" என்றாள்.