வெள்ளரிக்காய்க் குதிரை

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஜப்பான்காரப் பெண்மணி இருக்கிறார், கணவரை இழந்தவர். ஒவ்வொரு கோடையிலும் ஒரு வெள்ளரிக்காய்க்கும் ஒரு கத்தரிக்காய்க்கும் குச்சியால் கால் வைத்து யன்னலோரம் நிறுத்துவார். கைவேலை என்று நினைத்து நானும் வெகுகாலம் பாராட்டிக்கொண்டிருந்தேன். போன வருடம்தான் விளக்கம் சொன்னார். ஓபோன் என்ற பண்டிகையாம். இறந்தவர்கள் சில நாட்களுக்கு வீடு வருவார்களாம். விரைவாக வர வெள்ளரிக்காய்க் குதிரை, ஆறுதலாகத் திரும்பிப் போகக் கத்தரிக்காய் மாடு. லண்டனில் ஸ்ட்ரைக் இல்லாமல் ஓடுகிற ஒரே வாகனம் இதுதான் என்றேன். மரியாதைக்குச் சிரித்தார்.

அதே பருவத்தில் எங்கள் வீட்டில் நடப்பது பண்டிகை அல்ல, வழக்கு. என்னோடு இருக்கும் அக்காவின் கணவர் ஊரில் நடந்த யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல்போனவர். ஆடி பிறந்தால் போதும், சொந்தக்காரர் எல்லோரும் நீதிபதிகளாகிவிடுவார்கள். சவுத்தாலில் இருந்து ஒருவர் போன் எடுத்து, அத்தானின் ஆத்துமா அந்தரிக்கிறது என்பார், நேரில் பார்த்துவிட்டு வந்தவர் போல. "இருக்கிற மனுசனுக்கு ஏன் திவசம்?" என்று அக்கா போனை வைத்துவிடுவார்.

வெளியே சொல்லாவிட்டாலும் நானும் நீதிபதிகளின் பக்கம்தான். பார்சல்காரன் மணியடித்தால்கூட, அக்கா தலைமயிரைத் தடவிச் சரிசெய்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

குதிரைக் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் பகிடியாகத்தான் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த நாள் எங்கள் யன்னலில் நான்கு தீக்குச்சிக் காலோடு ஒரு வெள்ளரிக்காய் நின்றது.

"அப்ப அத்தான் இல்லையெண்டு ஒத்துக்கொள்ளுறியளோ?" என்றேன்.

"ஆர் சொன்னது? எள்ளும் தண்ணியும் செத்த ஆளுக்குத்தான். குதிரையிலை உயிரோடை இருக்கிற ஆளும் ஏறி வரலாம்."

எத்தனை ஐயர்மார் சொல்லியும் அசையாதவரை ஒரு காய்கறி அசைத்திருக்கிறது என்று நினைத்தேன். அசையவே இல்லை என்று பிறகுதான் விளங்கியது.

பின்னேரம் வந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி குதிரையைக் கண்டு மகிழ்ந்துபோனார். பிறகு என்னிடம் மெதுவாக, மாடு எங்கே, அது இல்லாமல் வந்தவர் எப்படித் திரும்பிப் போவார் என்று கேட்டார். குசினியில் நின்ற அக்காவுக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

அக்கா அகப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கத்தரிக்காய் சட்டிக்குள்ளை வேகுது. வாற மனுசனுக்குச் சோறு போடோணும். திருப்பி அனுப்பவோ நான் கூப்பிட்டனான்?"